கரைக்குத் திரும்பிய பெட்டி

புதிதாகப் பணியில் சேர்ந்திருக்கும் உங்களுக்குத் துறைமுகத்தின் வளர்ச்சியைப் பற்றி எழுதித் தரும்படி முனையத்தின் பயிற்சிப் பிரிவில் கேட்டிருக்கிறார்கள். வளர்ச்சியைப் பற்றி நான் சொல்ல அதிகம் இல்லை. வரவேற்பறையில் கண்ணாடிக்குள் அதன் மாதிரி உருவம் இருக்கிறது. யாராவது சுவிட்சைப் போட்டால் குட்டிக் கிரேன்கள்கூட அசையும். மேலே ஏறும் கோடுகளை முதல் நாள் வகுப்பிலேயே திரையில் பார்த்திருப்பீர்கள். அந்தக் கோடுகள் பொய் இல்லை. நான் சேர்ந்தபோது கப்பலில் இருந்த பாரந்தூக்கிதான் கன்டெய்னர் பெட்டிகளை இறக்கியது. இறங்கிய பெட்டி எங்கே கிடக்கிறது என்று தேட ஒரு குமாஸ்தா சைக்கிளில் போவார். பிறகு கரையில் கிரேன் வந்தது. பிறகு கப்பல் நிற்கும் தளத்தையும் கிரேனையும் ஒப்பந்தத்தில் எடுத்து நடத்தத் தனியார் நிறுவனம் வந்தது. கப்பல்கள் பெரிதாயின; சைக்கிள் காணாமல் போயிற்று. வளர்ச்சி வரலாறு இத்துடன் முடிந்தது.

கோடுகளில் வராத ஒன்று உண்டு. பெட்டிகளோடு சேர்ந்து, வேலை நிற்கும் ஒவ்வொரு நிமிடத்தின் விலையும் ஏறிக்கொண்டே வந்தது.

பழைய நாட்களில் கப்பலின் மேல்தளத்தில் நிற்கும் கங்காணி உள்ளங்கையை விரித்து உயர்த்தினால் பாரந்தூக்கி நிற்கும். ஏன் என்று கீழே இருப்பவர்களுக்குத் தெரியாது. சரக்கு முகவர் இரண்டு கெட்ட வார்த்தை சொல்வார். யாரோ டீ வாங்கப் போவார்கள். கை இறங்கியதும் வேலை தொடங்கும். காரணத்தை யாரும் கேட்டதில்லை. கேட்க வேண்டிய அளவுக்கு அந்த நேரத்துக்கு மதிப்பு இல்லை. அந்தக் காலம் உயர்ந்தது என்று சொல்லவில்லை. அந்தக் காலத்தில் விரல் போவது சாதாரணச் செய்தி. நிறுத்துவது அப்போது மலிவாக இருந்தது, அவ்வளவுதான் சொல்ல வருகிறேன்.

துறைமுகத்தின் போக்குவரத்துப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஓய்வுக்குப் பிறகு என்னோடு இருந்தவர்கள் நடைப்பயிற்சிக்கும் கச்சேரிக்கும் போனார்கள். எனக்கு விதிகள் மட்டுமே தெரியும். மயிலாப்பூர் சபாக்களில் விதிகளுக்கு மேடை தருவதில்லை. ஆகவே முனைய நிறுவனம் தன் ஊழியர்கள் மீதான ஒழுங்கு நடவடிக்கைகளுக்கு விசாரணை அதிகாரியாக இருக்க முடியுமா என்று கேட்டபோது ஒப்புக்கொண்டேன். நிறுவனத்துக்கு வெளியாள் ஒருவர் விசாரித்தால் நீதிமன்றத்தில் நன்றாக இருக்கும் என்பது அவர்கள் கணக்கு. வீட்டில் மதியம் தூங்குவதைவிட இது மேல் என்பது என் கணக்கு.

விசாரணைகள் துறைமுகத்தில் நடப்பதில்லை. தி. நகரில், பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு தெருவில், நிறுவனத்தின் நகர அலுவலகத்தில் நடக்கும். கீழே நகைக்கடையின் பின்வாசல். மேலே குளிரூட்டிய அறை, நீள மேசை. கப்பலைப் பற்றிய வாக்குமூலங்களை நான் பதிவு செய்யும்போதெல்லாம் ஜன்னலுக்கு வெளியே, ‘உள்ள வந்து பாருங்கக்கா, பாக்குறதுக்குக் காசு இல்ல’ என்ற குரல் கேட்டுக்கொண்டே இருக்கும்.

அங்கே நடந்த ஒரு விசாரணையைச் சொல்கிறேன்.

குற்றம் சாட்டப்பட்டவர் அன்வர் என்ற கிரேன் இயக்குநர். ராயப்பேட்டைக்காரர், நாற்பதைத் தாண்டியவர். ஒரு மதியம், பெரிய கப்பல் ஒன்றின் மேல்தளத்தில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தபோது, மாற்று ஆள் வராமலே கேபினைவிட்டு இறங்கிப் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் திரும்பி ஏறி வேலையைத் தொடர்ந்தார். அதற்குள் கப்பல் புறப்பட வேண்டிய நேரம் தவறியது. வெளியே நங்கூரமிட்டுக் காத்திருந்த அடுத்த கப்பலும் தாமதப்பட்டது. கப்பல் நிறுவனம், வடக்கே புதிதாக வளர்ந்திருக்கும் துறைமுகத்தின் பெயரைக் குறிப்பிட்டு ஒரு கடிதம் எழுதியது. அந்தப் பெயரைக் குறிப்பிட்டால் நம் அலுவலகத்தில் மேலிருந்து கீழ்வரை எல்லோருக்கும் ரத்த அழுத்தம் ஏறும். குற்றச்சாட்டு: வேண்டுமென்றே வேலையைத் தாமதப்படுத்தியது, அனுமதியின்றிப் பணியிடத்தை விட்டகன்றது. இரண்டும் நிரூபணமானால் பணிநீக்கம்.

கிரேன் இயக்குநருக்குப் பணிநீக்கம் என்றால் என்ன என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு முனையத்திலிருந்து அனுப்பப்பட்டவரை அடுத்த முனையம் தொடாது. எழுதி வைத்த விதி இல்லை, தொலைபேசி போதும். ஒரு தட்டச்சரோ ஓட்டுநரோ வேறு இடம் தேடிக்கொள்ளலாம். பத்து மாடி உயரத்தில் உட்கார்ந்து கப்பலில் பெட்டி வைக்கத் தெரிந்த மனிதருக்கு ராயப்பேட்டையில் யார் வேலை தருவார்கள்? அவர் மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள் என்பது பணிக்கோப்பில் இருந்தது. கோப்பில் இருப்பதை நான் படித்துவிடுவேன், கெட்ட பழக்கம்.

நிர்வாகத் தரப்பில் வாதாட வந்தவர் பிரவீண், செயல்பாட்டுப் பிரிவின் இளம் மேலாளர். உங்களைப் போலத்தான்: நல்ல படிப்பு, இஸ்திரி போட்ட சட்டை, எல்லாவற்றுக்கும் ஒரு வரைபடம். குற்றம் சாட்டப்பட்டவர் தனக்குத் துணையாகச் சக ஊழியர் ஒருவரை வைத்துக்கொள்ள விதி இடம் தருகிறது. சங்கத்தில் சட்டம் தெரிந்தவர்கள் இருந்தார்கள். அன்வருக்காக வந்தவரோ தனசேகர், லாஷிங் வேலை செய்பவர். கப்பலில் ஏற்றிய பெட்டிகள் சரியாமல் இருக்க இரும்புக் கம்பிகளால் இறுக்கிக் கட்டும் வேலை அது. வாயாடி. முதல் அமர்விலேயே தெரிந்தது.

“குற்றச்சாட்டைப் படிச்சீங்களா?” என்று அன்வரைக் கேட்டேன்.

“படிச்சேன் சார்.”

“ஒத்துக்கறீங்களா?”

“கேபினை உட்டு எறங்குனேன். அத ஒத்துக்கறேன். வேணும்னு பண்ணல. வயிறு சரியில்ல சார்.”

“மாற்று ஆளை ஏன் கேக்கல?”

“கேக்குற நெலமையில இல்ல சார்.”

தனசேகர் எழுந்துகொண்டார். “சார், வவுறு இன்னா கன்ட்ரோல் ரூம்ல பர்மிஷன் வாங்கிக்கினா கலக்கும்?”

பிரவீண் சிரிப்பை அடக்கிக் கொண்டார்.

“இதை நீங்க சொன்ன மாதிரியே பதிவு பண்ணட்டுமா?” என்றேன்.

“நீங்களே பாத்து நல்லா எழுதிக்கோங்க சார்.”

‘உடல் உபாதை முன்னறிவிப்பின்றி ஏற்படக்கூடியது எனத் துணைவர் வாதிட்டார்’ என்று எழுதினேன். வாசித்துக் காட்டியபோது தனசேகர் அன்வரின் காதருகே குனிந்து, “பாய், நம்ம சொன்னதா இது? ஷோக்கா கீதே” என்றார். அன்வர் சிரிக்கவில்லை. மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டாவது அமர்வில் பிரவீண் தன் பலமான சாட்சியத்தைக் கொண்டுவந்தார். இன்றைய கிரேன் தன் ஒவ்வோர் அசைவையும் பதிந்து வைக்கிறது. அதைத் திரையில் ஒரு கோடாக ஓடவிட்டார். லாரியிலிருந்து பெட்டி மேலே எழுகிறது. கடல் பக்கமாகப் போகிறது. கப்பலின் மேல்தளத்தில் இறங்கத் தொடங்குகிறது. தளத்துக்குச் சற்று உயரத்தில் நிற்கிறது. பிறகு அதே பெட்டி மீண்டும் மேலே போய், வந்த வழியே கரைக்குத் திரும்பி, லாரியில்கூட இல்லாமல் தரையில் வைக்கப்படுகிறது. அதற்குப் பிறகுதான் இயக்குநர் கேபினைவிட்டு இறங்குகிறார்.

“பாருங்க சார்,” என்றார் பிரவீண். “அப்படியே கப்பல்ல வெச்சிட்டுப் போயிருக்கலாம். திருப்பிக் கொண்டுவந்து தரையில வெச்சிருக்கார். அதை எடுக்க இன்னொரு வண்டி வரணும். எவ்வளவு தாமதம் பண்ண முடியுமோ அவ்வளவு பண்ணியிருக்கார். இதைவிட என்ன ஆதாரம் வேணும்?”

ஆதாரம் நல்ல ஆதாரம்தான். எதற்கு ஆதாரம் என்பதில்தான் எங்களுக்குள் வேறுபாடு. வயிறு கலங்கியவர் எது சீக்கிரம் முடியுமோ அதைச் செய்வார். பெட்டி கப்பல் தளத்துக்கு மேலே ஆள் உயரத்தில் தொங்குகிறது; இறக்கி வைக்க ஒரு மூச்சு போதும். அதை விட்டுவிட்டு மறுபடி உயர்த்தி, கரைவரை சுமந்து வந்து, மெதுவாகத் தரையில் வைக்கிறார். வயிற்றுவலிக்காரர் இதைச் செய்ய மாட்டார். வேலையைக் கெடுக்க நினைப்பவரும் செய்ய மாட்டார். அவர் பெட்டியை அந்தரத்தில் தொங்கவிட்டுப் போவார், அதுதான் பெரிய குழப்பம். பெட்டியை இறக்க முடியாத ஒருவர்தான் திருப்பி எடுத்துக்கொண்டு வருவார். கிரேன் கேபினின் தரை கண்ணாடி. கீழே என்ன இருக்கிறது என்பது மேலே இருப்பவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

“அன்வர், பெட்டியை ஏன் திருப்பிக் கொண்டுவந்தீங்க?”

ஜன்னலுக்கு வெளியே யாரோ புடவைக்குப் பேரம் பேசினார்கள்.

“அந்த எடத்துல ஏதாவது இருந்துதா?”

அன்வர் ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தார். என்னை அல்ல. பக்கத்தில் இருந்த தனசேகரை. வாயாடி தனசேகர் அந்த நேரத்தில் ஒரு வார்த்தையும் பேசவில்லை. குளிரூட்டிய அறையில் அவர் கழுத்து வியர்த்திருந்தது.

இங்கே ஒரு விதியைச் சொல்லிவிடுகிறேன். விசாரணை அதிகாரி தெளிவுக்காகக் கேள்வி கேட்கலாம். நிர்வாகத் தரப்பு விட்டுவைத்த ஓட்டையைத் தன் கேள்விகளால் அடைக்கக் கூடாது. சீக்கிரம் வீட்டுக்குப் போக விரும்பும் அதிகாரிகள் இந்த விதியை அடிக்கடி பயன்படுத்துவார்கள். அன்று அது எதற்காக எழுதப்பட்டதோ அதற்காகப் பயன்பட்டது. இன்னும் இரண்டு கேள்வி கேட்டிருந்தால் அன்வர் சொல்லியிருப்பார். சொன்னால் பதிவில் ஏறும். ஏறினால் அன்வர் பிழைப்பார், இன்னொருவர் போவார். கப்பலில் தூங்குவது உடனடிப் பணிநீக்கத்துக்குரிய குற்றம். விசாரணைகூடப் பெயருக்குத்தான்.

அமர்வை ஒத்திவைத்தேன். பிரவீண் கைக்கடிகாரத்தைப் பார்த்து வியந்தார்.

அந்த வாரம் மந்தைவெளியில், பறக்கும் ரயில் நிலையத்துக்குக் கீழே இருக்கும் காய்கறிக் கடையில் வெண்டைக்காயை உடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் ஒரு குரல்.

“சார், நல்லா கீறீங்களா?”

தனசேகர். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். ஆதம்பாக்கத்திலிருந்து இரண்டு ரயில் மாறி வந்ததாகப் பிறகு சொன்னார்.

“விசாரணை நடக்கறப்போ நீங்க என்னைத் தனியாப் பாக்கக் கூடாது,” என்றேன்.

“ஒரே ஒரு மேட்டர் சார். நெஞ்ச அடைக்குது. அன்னிக்கு மெய்யாலுமே இன்னா நடந்துச்சுன்னா...”

“சொல்லாதீங்க.”

“சார், நான் தான்...”

“தனசேகர், நீங்க சொன்னா நான் எழுதணும். எழுதினா யாராலயும் அழிக்க முடியாது. வெண்டைக்காய் வாங்கறதுன்னா வாங்குங்க.”

கடைக்காரர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். தனசேகர் கால் கிலோ வெண்டைக்காய் வாங்கினார், ஒன்றைக்கூட உடைத்துப் பார்க்காமல்.

“பாய் வேல போய்டும் சார்,” என்றார் மெதுவாக. “நான் சொல்றேன் சொல்றேன்னு சொல்றேன். அவரு, ‘நைனா, உனுக்கு ரெண்டு கொழந்த, வாய மூடிக்கினு இரு’ன்றாரு. நான் வாய மூடிக்கினா அவரு போறாரு. தொறந்தா நான் போறேன். இதுக்கு உங்க ரூல்ஸ்ல ஒண்ணுமே இல்லியா?”

விதி பற்றிய கேள்விக்கு நான் யாருக்கும் பதில் சொல்வேன். மந்தைவெளியில் பலர் என்னிடம் சொத்துவரி விதிகூடக் கேட்டிருக்கிறார்கள். “துணைக்கு உக்கார்றவர் சாட்சி இல்ல,” என்றேன். “அவர் பேசறது வாதம். வாதத்துல ‘இப்படி நடந்திருந்தா’ன்னு வெச்சுக்கலாம். ‘நான்’னு சொன்னா அது வாக்குமூலம்.”

அவர் அதை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். “நடந்திருந்தா,” என்றார். பையைத் தூக்கிக்கொண்டு படியேறிப் போனார்.

மூன்றாவது அமர்வு இறுதி வாதத்துக்கு. பிரவீண் சுருக்கமாக முடித்தார். பெட்டி திரும்பி வந்ததற்கு விளக்கம் இல்லை; வயிற்றுவலிக்கு மருத்துவச் சான்று இல்லை; ஆகவே உள்நோக்கம். படித்துக் காட்டியபோது எனக்கே சரியாகத்தான் பட்டது. அதை அப்படியே ஏற்றுக் கையெழுத்திட்டிருந்தால் எந்த நீதிமன்றமும் என்னைக் குறை சொல்லியிருக்காது.

தனசேகர் எழுந்தார். வழக்கமான சிரிப்பு இல்லை.

“ஒருத்தன் தூங்கினு இருந்தான்னு வெச்சிக்கலாம் சார்.”

“யார்?” என்றார் பிரவீண்.

“வாதத்துல வர்ற ஆளுக்குப் பேர் தேவையில்ல,” என்றேன். “மேல சொல்லுங்க.”

“நைனா, குந்து,” என்றார் அன்வர். விசாரணை முழுவதிலும் அவர் குரல் உயர்ந்தது அப்போதுதான். “உன்ன யாரு கேட்டா? குந்துன்றேன்ல.”

“வெச்சிக்கலாம்னு தானே பாய் சொல்றேன். நீ சும்மாரு.” தனசேகர் என் பக்கம் திரும்பினார். “காலைல வந்தவன் சார். மாத்து ஆளு வரல. நிக்கச் சொல்லிட்டாங்க, நின்னான். கத்திரி வெயிலு. கப்பல் மேல இரும்பு, கால் வெக்க முடியாது. பொட்டி ஏத்தி முடிக்கிற வரைக்கும் லாஷிங் ஆளுக்கு வேல இல்ல. எங்க குந்துவான்? ஏத்தி வெச்ச பொட்டியோட நெழல்ல குந்துவான். எப்பவுமே கடல் பக்கத்து வரிசைய மொதல்ல ஏத்துவாங்க, கரைப் பக்கம் கடைசில. அதனால கரைப் பக்கத்து நெழல்ல தான் எல்லாரும் படுப்பாங்க. அங்க பொட்டி வர நேரமாவும். இது ஒருத்தன் பண்ற வேல இல்ல சார், கப்பல்ல ஏறுன அத்தினி பேரும் பண்றது. அன்னிக்கு பொட்டி கரைப் பக்கம் வந்துச்சு.”

நான் பேனாவைக் கீழே வைத்தேன்.

“மிஸ்டர் பிரவீண்,” என்றேன், “அன்னிக்கு ஏத்தற வரிசையை மாத்தினாங்களா?”

அவர் மடிக்கணினியில் தேடினார். “ஆமா சார். கடல் பக்கத்துப் பெட்டிகள் யார்டுலேருந்து வர லேட்டாச்சு. காத்திருக்க வேண்டாம்னு வரிசையை மாத்தினோம். நேரம் மிச்சம்.”

“மாத்தினது யாருக்குத் தெரியும்?”

“சிஸ்டத்துல மாத்தினா எல்லாருக்கும் போயிடும் சார். கிரேன் ஸ்கிரீன், லாரி ஸ்கிரீன், யார்டு ஸ்கிரீன், கன்ட்ரோல் ரூம்...” அவர் நிறுத்தினார்.

“லாஷிங் ஆட்களுக்கு?”

“அவங்களுக்கு ஸ்கிரீன் கிடையாது சார்.”

“கப்பல் மேல நின்னு சைகை காட்டற ஆள் சொல்லியிருக்கலாமே?”

“ரெண்டு கிரேனுக்கு ஒருத்தர். அந்த நேரம் அவர் பக்கத்துக் கிரேன்ல.”

நான் கேட்டதில் முக்கியமான கேள்வி இதுதான். இதை நீங்கள் நினைவில் வைத்துக்கொண்டால் போதும், மற்றதெல்லாம் மறக்கலாம்.

“மேலேருந்து ஒருத்தர் கீழ படுத்திருக்கிற காலைப் பாக்கறார்னு வெச்சுக்குவோம். வயர்லெஸ்ல உண்மையைச் சொல்றார். அடுத்து என்ன நடக்கும்?”

பிரவீண் நேர்மையானவர். யோசித்துத்தான் பதில் சொன்னார். “வயர்லெஸ் பேச்சு பதிவாகும் சார். தூங்கினவரை அன்னிக்கே வெளிய அனுப்பியிருப்போம். கேங் முழுசுக்கும் மெமோ. பாதுகாப்பு விசாரணை முடியற வரைக்கும் கப்பல் நிக்கும். இப்ப ஆன தாமதத்தைவிட ரொம்ப அதிகம்.”

“பாத்துச் சொன்னவருக்கு?”

“பாதுகாப்பு விருது. சான்றிதழ், போட்டோ.”

“அவர் சொல்லாம நிறுத்தணும்னா? உங்க கன்ட்ரோல் ரூம் திரையில நிறுத்தினதுக்கு என்னென்ன காரணம் கொடுக்கலாம்?”

அவருக்கு அது மனப்பாடம். “மழை, காத்து, லாரி வரல, கப்பல் அதிகாரி ஆட்சேபம், இயந்திரக் கோளாறு, இயக்குநர் இல்லை.”

“கீழே ஏதோ சரியில்லைன்னு தோணினா எதை அழுத்தறது?”

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். “இயக்குநர் இல்லை,” என்றார் கடைசியில். “அது ஒண்ணுதான் கேள்வி கேக்காம ஏத்துக்கும்.”

அன்வர் முகத்தைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டார். அவர் அன்று இறங்கிப் போனது கழிப்பறைக்கு அல்ல என்பது அந்த அறையில் இருந்த நான்கு பேருக்கும் தெரிந்துவிட்டது. கப்பல் ஏணியில் ஏறி, அந்த நிழலுக்குப் போய், ஒரு காலை உதைத்து எழுப்பிவிட்டு, மறுபடி பத்து மாடி ஏறி உட்கார்ந்திருக்கிறார். பதிவில் அது இல்லை. பதிவில் இருந்தது ஒரு வாதம், இரண்டு ஒப்புதல்கள், தெளிவுக்காகக் கேட்கப்பட்ட சில கேள்விகள்.

என் முடிவை எழுதுவது எளிதாக இருந்தது. மாற்று ஆள் இல்லாமல் கேபினைவிட்டு இறங்கியது: நிரூபணமானது, அவரே ஒப்புக்கொண்டார். வேண்டுமென்றே தாமதப்படுத்தியது: நிரூபணமாகவில்லை; பெட்டியைப் பத்திரமாகக் கரைக்குத் திருப்பியது உள்நோக்கத்துக்கு எதிரான சான்று. விசாரணை அதிகாரியின் வேலை அத்தோடு முடிகிறது. தண்டனையை முடிவு செய்வது நிர்வாகம். நிர்வாகம் கேட்பது துறை மேலாளரின் கருத்தை. அதாவது பிரவீணின் கருத்தை. ஓய்வு பெற்றவன் என்ன எழுதினாலும், இரண்டு மனிதர்களின் வேலை அந்த இளைஞரின் ஒரு பக்கக் குறிப்பில் தொங்கியது.

லிஃப்டுக்காகக் காத்திருந்தபோது அவர் என் அருகில் வந்து நின்றார். கீழே தெருவில், நகைக்கடையின் பின்வாசலில், அன்வரும் தனசேகரும் டீ குடிப்பது ஜன்னல் வழியே தெரிந்தது. தனசேகர் ஏதோ சொல்ல, அன்வர் அவர் தலையில் ஒரு தட்டு தட்டினார்.

“அந்த ஆள் யாருன்னு உங்களுக்குத் தெரியும்ல சார்?”

“எனக்குத் தெரிஞ்சதெல்லாம் பதிவுல இருக்கு.”

“பதிவுல பேர் இல்லையே.”

“அப்போ எனக்குத் தெரியாது.”

அவரும் ஜன்னல் வழியே பார்த்தார். “நான் போய்க் கேட்டா சொல்லிடுவார்னு நினைக்கறேன்.”

“சொல்லிடுவார்.”

“கேட்டா நான் நடவடிக்கை எடுத்தாகணும்.”

“ஆமா. விதி அப்படித்தான்.”

“கேக்கலேன்னா?”

“கேக்கலேன்னா வேற வேலை பாக்க உங்களுக்கு நேரம் கிடைக்கும்.”

லிஃப்ட் வந்தது. அவர் ஏறவில்லை. ஜன்னல் பக்கமே நின்றுகொண்டிருந்தார். நான் மட்டும் இறங்கிப் போனேன். அவர் என்ன செய்யப்போகிறார் என்று எனக்குத் தெரியவில்லை. இதை நான் அடக்கத்துக்காகச் சொல்லவில்லை, உண்மையிலேயே தெரியவில்லை.

அன்வருக்கு ஓராண்டு ஊதிய உயர்வு நிறுத்தம். அது நியாயமா என்று என்னைக் கேட்கிறார்கள். மாற்று ஆள் இல்லாமல் கேபினைவிட்டு இறங்கக் கூடாது என்பது நல்ல விதி, அவர் அதை மீறினார், விலை கொடுத்தார். அதே வாரம் கேபினுக்குத் திரும்பினார். தனசேகரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

பிரவீண் பார்த்த வேறு வேலைகளை நீங்கள் இன்று முனையத்தில் இயல்பானவையாகப் பார்க்கிறீர்கள். கிரேனுக்கு ஒரு சைகை ஆள். லாஷிங் குழுத் தலைவர் கையில் வரிசை காட்டும் சிறு திரை. மாற்று ஆள் வராதவர் உட்கார நிழற்கூடம். இவற்றுக்கெல்லாம் செலவுக் கணக்குக் காட்டி ஒப்புதல் வாங்க முடிந்தது. அவரைப் படாதபாடு படுத்தியது நிறுத்தக் காரணப் பட்டியலில் அவர் சேர்க்கச் சொன்ன ஒரு வார்த்தைதான்: ‘சந்தேகம்’. சந்தேகத்தில் போன நிமிடங்களை யார் கணக்கில் எழுதுவது என்று நிதிப் பிரிவு கேட்டது. சந்தேகத்துக்கு என்ன சான்று இணைப்பது என்று தணிக்கைப் பிரிவு கேட்டது. அதை அழுத்தினால் பிறகு விளக்கம் கேட்கக் கூடாது என்று பிரவீண் எழுதியிருந்தார். அந்த வரியை அடிக்கப் பல பேர் முயன்றார்கள். வேலை பார்ப்பவர்கள் அதை வைத்து ஓய்வெடுப்பார்கள் என்றார்கள். ஓய்வு பெற்றவன் என்ற முறையில் என் கருத்தையும் கேட்டார்கள். விதி எழுதுபவருக்குத் தன் ஆட்கள் மீது நம்பிக்கை இல்லையென்றால் விதியை எவ்வளவு நீளமாக எழுதினாலும் போதாது என்று எழுதிக் கொடுத்தேன். அது கோப்பில் இருக்கிறது. யாரும் படித்ததாகத் தெரியவில்லை. ஆனால் வார்த்தை திரையில் ஏறியது, அந்த வரியும் அடிபடாமல் நின்றது.

நெடுநாள் யாரும் அதைத் தொடவில்லை. ஒரு மாலையில் மயிலாப்பூரில், தெப்பக்குளத்துக்கு அருகே ஒரு சிற்றுண்டிச் சாலையில், பிரவீண் எனக்கு எதிரே உட்கார்ந்து அதன் முதல் உபயோகத்தைச் சொன்னார். அவர் கட்டுப்பாட்டு அறையில் இருந்தபோது நடந்தது.

மழை விட்டிருந்த நேரம். பெரிய கப்பல், மறுபடி நேர நெருக்கடி. அன்வரின் கிரேன் நின்றது. திரையில் அந்த வார்த்தை. கப்பல் நிறுவனத்தின் ஆள் பிரவீணின் நாற்காலிக்குப் பின்னால் நின்று, ஏன் நின்றது, எவ்வளவு நேரம், யார் பொறுப்பு என்று கேட்டுக்கொண்டிருந்தார். அறையில் எல்லோரும் பிரவீணைப் பார்த்தார்கள். அவர் கை வயர்லெஸ் பொத்தான் மேல் இருந்தது. அழுத்தி ‘என்ன ஆச்சு?’ என்று கேட்க வேண்டும் என்று விரல் துடித்ததாகச் சொன்னார். கேட்கவில்லை. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் வயர்லெஸ் தானாகவே பேசியது. கப்பல் மேல்தளத்திலிருந்து தனசேகரின் குரல்.

“பாய், மழக்கோட்டு. எவனோ கயட்டிப் போட்டுட்டுப் போய்க்கிறான். உள்ள ஆள் இல்ல.”

“நல்லாப் பாத்தியா?” அன்வர்.

“ஒதறியே பாத்துட்டேன் பாய். வெறும் கோட்டு.”

அறை முழுவதும் காத்திருந்தது. வெறும் மழைக்கோட்டுக்காக ஒரு கப்பல் நின்றிருக்கிறது. பிரவீண் பொத்தானை அழுத்தினார்.

“சரி,” என்றார். “கோட்டை எடுத்துட்டு ஓரமா நில்லுங்க. அன்வர், நீங்க ரெடின்னா எறக்குங்க.”